பவர் பாக்ஸ், ரீமேப்பிங், ஒரு சின்ன ஸ்கேனர்: டீசல் பிக்கப்பில் எல்லாம் போட்டுப் பார்த்த பிறகு எழுதுவது

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் டீசல் பிக்கப் வண்டியில் இழுவை கூட வேண்டும் என்று ஒன்றரை வருடத்தில் நான்கு செலவு செய்தேன். முதலில் டீசலைக் கூட்டி இழுவை ஏற்றும் ஒரு பவர் பாக்ஸ், அப்புறம் வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகி இன்ஜின் அளவுகளைப் படிக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்கேனர், கடைசியாக எக்ஸாஸ்ட் சூடு காட்டும் ஒரு மீட்டர், அதோடு ஈசியூ ரீமேப்பிங், அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் (ஈசியூ) இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுவது. வரிசையே தப்பு. ஸ்கேனரை முதலில் வாங்கியிருந்தால் பவர் பாக்ஸை வாங்கியே இருக்க மாட்டேன். நான்கில் விலை குறைந்தது ஸ்கேனர்தான், அதிகம் திருப்பிக் கொடுத்ததும் அதுதான். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் "டீசல் வண்டிக்குப் பவர் ஏற்ற என்ன போடலாம்" என்று கேட்கிற எல்லோருக்கும் முதல் பதிலாக பாக்ஸைத்தான் சொல்கிறார்கள்.

வண்டி 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் வகை), வேரியபிள் டர்போ (வேன் எனப்படும் சின்னத் தகடுகள் அசைந்து காற்றழுத்தத்தை மாற்றும் வகை), ஐந்து கியர். கம்பெனிக் கணக்கில் டார்க் (இழுவைத் திறன்) 320 நியூட்டன் மீட்டர். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டிபிஎஃப்) கிடையாது. ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. முக்கால் டன் லோடோடு நான்காவது கியரில் அசராமல் ஏறிக்கொண்டிருந்த ஏற்றங்களில் மூன்றாவது கேட்க ஆரம்பித்தது, கூடவே கரும்புகை. இது ஒரே நாளில் வந்தது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும்போது நமக்குத் தெரிவதே இல்லை, கால் தானாக ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தப் பழகிவிடும். நான் அதை "இந்த இன்ஜினுக்கு இவ்வளவுதான் சக்தி, ஏதாவது போட்டு ஏற்ற வேண்டும்" என்று எடுத்துக்கொண்டேன். அங்கேதான் தவறு தொடங்கியது.

பவர் பாக்ஸைப் பற்றி. நான் வாங்கியது ரெயில் பிரஷர் சென்சாரின் கனெக்டருக்கு நடுவில் மாட்டுகிற வகை. சந்தையில் கிடைப்பதில் நிறைய இதே தத்துவம்தான். அந்த சென்சாருக்கு ஈசியூ 5 வோல்ட் கொடுக்கும், சென்சார் அழுத்தத்துக்குத் தகுந்தபடி சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை திருப்பிச் சொல்லும். பாக்ஸ் அந்த வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. ஈசியூ "அழுத்தம் போதவில்லை" என்று நம்பி பம்ப்பை இன்னும் வேலை வாங்குகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறவில்லை, ஆனால் அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் டீசல் அதிகம் இறங்குகிறது. இழுவை கூடுகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, டர்போ எவ்வளவு ஊதுகிறது, எக்ஸாஸ்ட் எவ்வளவு சூடு, எதுவும் தெரியாது.

மாட்டுவது சுலபம், பதினைந்து நிமிடம் கூட ஆகவில்லை. கனெக்டரெல்லாம் ஒரிஜினல் மாதிரியே கச்சிதமாக உட்கார்ந்தது, வயர் கட்டு நல்ல தரம், தண்ணீர் புகாத பெட்டி. தயாரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் காலி வண்டியில் மிதித்த உடனே பாய்ந்தது, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற வண்டியே தெரியாத அளவுக்குப் புகை. பாக்ஸில் இருந்த திருகியைக் குறைத்தேன். புகை கொஞ்சம் குறைந்தது, இழுவையும் குறைந்தது. மூன்றாவது வாரம் லோடோடு ஒரு நீண்ட ஏற்றத்தில் செக் இன்ஜின் லைட் எரிந்து வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது இன்ஜினைக் காக்க ஈசியூ பவரை வெட்டிவிடும் நிலைக்கு, போய்விட்டது. என்ன மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ஓரம் கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அடுத்த ஏற்றத்தில் திரும்ப வரும். இப்படி நான்கு தடவை.

அதற்காகத்தான் ஸ்கேனர் வாங்கினேன்.

இதில் நான் இரண்டு வாங்க வேண்டி வந்தது. முதலில் வாங்கியது மிக மலிவான ஒரு புளூடூத் அடாப்டர். ஈஎல்எம்327 என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது அந்தச் சிப்பின் நகல். எரர் கோடு படிக்கும், அழிக்கும், ஆனால் லைவ் டேட்டா கேட்டால் திணறும், நடுவில் தொடர்பு அறுந்துபோகும், சில கட்டளைகளுக்குப் பதிலே வராது. இரண்டாவதாகக் கொஞ்சம் கூடுதல் விலையில் வாங்கியது இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகம்தான். முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு கியர் ஓட்டம் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் ஒவ்வொரு சென்சாருக்கும் நாலு அளவுதான் கிடைத்தது என்றால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல அடாப்டராக இருந்தாலும் ஆப்பில் இருபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே மெதுவாகிவிடும். ஒரு ஓட்டத்துக்கு நான்கே நான்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்பிஎம், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) அழுத்தம், உள்ளே வரும் காற்றின் அளவு, ரெயில் பிரஷர். பொதுவான ஓபிடி பட்டியலில் பெரும்பாலும் உண்மையில் இருக்கும் அளவு மட்டும்தான் வரும், ஈசியூ எவ்வளவு கேட்டது என்பது வராது. அதற்கு உங்கள் மாடலுக்கான தனிப் பட்டியலை ஆப்பில் ஏற்ற வேண்டும். அதைத் தேடி ஏற்றுவதில் ஒரு மாலை போகும், ஆனால் கட்டாயம் செய்யுங்கள். கேட்டதும் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நோய் தெரியும்.

இரண்டு சின்னக் குறை. ஒன்று, ஓபிடி சாக்கெட்டின் 16ஆவது முனைக்கு சாவி எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும், அதனால் அடாப்டரைச் செருகியே விட்டுவிட்டுப் பத்து நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால் பேட்டரி இறங்கலாம். இன்னொன்று, பொது ஓபிடியில் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கு 255 கிலோபாஸ்கல்தான் உச்சம், அதற்கு மேல் டர்போ ஊதினாலும் 255லேயே நிற்கும். இது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு, வெளிக்காற்றே கடல்மட்டத்தில் சுமார் 100, ஆகவே 155க்கு மேல் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) கொடுக்கிற வண்டிக்கு அந்த அளவு உதவாது. என் வண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, ஸ்கேன் போட்டதும் வந்தது பி0087. ரெயில் பிரஷர் குறைவு என்று அர்த்தம். அழுத்தத்தைக் கூட்டுவதற்கென்றே வாங்கிய பாக்ஸை மாட்டிய வண்டியில் அழுத்தம் குறைவு என்று வருகிறது! இங்கேதான் ஒரு விஷயம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஸ்கேனர் சென்சாரை நேரே படிப்பதில்லை, ஈசியூ சொல்வதைத்தான் காட்டுகிறது. பாக்ஸ் ஈசியூவிடம் பொய் சொன்னால் ஸ்கேனரிலும் அதே பொய்தான் தெரியும். அதனால் பாக்ஸை மாட்டிக்கொண்டு ரெயில் பிரஷர் பார்த்து முடிவெடுக்கவே முடியாது. கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஐட்லிங்கில் 300 பார், கேட்டதும் 300, கிடைத்ததும் 300, சுத்தம். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் ஈசியூ 1400 பார் கேட்கிறது, கிடைப்பது 1150. பம்ப் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது, அந்த 1150ஐயும் பாக்ஸ் பதினைந்து சதவீதம் குறைத்துச் சொன்னால் ஈசியூவுக்குத் தெரிவது ஆயிரத்துக்கும் கீழே. 1400 கேட்டு 980 வந்தால் அது லிம்ப் மோடுக்குப் போகாமல் என்ன செய்யும்?

காரணம் டீசல் ஃபில்டர். மாற்றிப் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது, அதனால் நான் சந்தேகப்படவே இல்லை. கழற்றி, கத்தியால் உறையை வெட்டி, மடிப்புத் தாளை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய தாள் முழுக்கக் கருப்புக் கூழ், விரலால் வழித்தால் கிரீஸ் மாதிரி வருகிறது. அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தில் கால் டம்ளர் தண்ணீர். ஐட்லிங்கில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம் டீசல்தான், அதற்கு அந்த ஃபில்டர் தாராளம். முழு லோடில் கேட்கும்போதுதான் அடைப்பு தெரியும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால்தான் "ஒன்றுமில்லை சார், நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புது ஃபில்டர் போட்டு, ஹேண்ட் பம்ப்பால் டீசல் ஏற்றி, காற்று எடுத்து ஓட்டியதில் 1390 வந்தது. காற்று எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், இந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு எண்ணெய் போடுவதே டீசல்தான், உலர்ந்து சுற்றினால் உரசும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய இன்ஜின்களில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுகிற காயம் அது. விரலையே கூட இழக்கலாம். இன்ஜெக்டரைச் சந்தேகித்தால் ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கிறது: நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயிலும் ஒரே மாதிரி நான்கு பாட்டில் மாட்டி ஓடவிட்டு, எதில் டீசல் அதிகம் சேர்கிறதோ அதுதான் தேய்ந்தது. என்னுடையதில் நான்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

ஃபில்டர் மாற்றியதும் லிம்ப் மோடு போனது, ஆனால் புகையும் சோர்வும் அப்படியே இருந்தன. அடுத்து காற்றுப் பக்கம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் ஸ்கேனர் வாங்கியதன் முழுப் பலனும் இந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்டு அழுத்தம் 165. ஈசியூ கேட்டது 215. டர்போ போய்விட்டது என்று ஒருவர், வேன் ஒட்டிக்கொண்டது என்று இன்னொருவர், டர்போவைக் கழற்றத் தயாராகிவிட்டார்கள். நான் காற்றின் அளவைப் பார்த்தேன். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் மாஃப் சென்சார் விநாடிக்கு 128 கிராம் என்று காட்டியது. இப்போது கணக்கு போட்டுப் பாருங்கள். 2.5 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவைக் குடிக்கும். 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 62.5 லிட்டர். 165 கிலோபாஸ்கலில், டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் தாண்டி வருகிற சூட்டில், ஒரு லிட்டர் காற்று சுமார் 1.8 கிராம். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதற்குக் கொஞ்சம் கழித்தால் விநாடிக்கு 100 கிராம்தான் வரும். அதாவது வாசலில் 128 கிராம் உள்ளே போகிறது, இன்ஜின் குடிப்பது 100. மிச்சம் 28 கிராம் வழியிலேயே எங்கோ வெளியே போகிறது. டர்போ ஊதுகிறது, ஊதியது வந்து சேரவில்லை.

புகைக்கும் அதுவே விளக்கம். மாஃப் 128 என்று சொல்வதை நம்பி ஈசியூ அதற்குத் தகுந்த டீசலை இறக்குகிறது, சிலிண்டரில் காற்று 100க்குத்தான் இருக்கிறது. எரியாத மிச்சம் கரும்புகை. இதன் மேல் பாக்ஸ் வேறு டீசலைக் கூட்டினால்? கண்ணாடியில் பின்வண்டி தெரியாமல் போனது அதனால்தான். இன்னொரு பக்கம் டர்போவும் கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவர முடியாமல் மேலும் மேலும் வேகமாகச் சுற்றும். சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற பொருள் அது, அப்படியே இன்னும் ஆறு மாதம் ஓட்டியிருந்தால் டர்போவும் போயிருக்கும்.

இரண்டு அளவையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாஃப் சரியாக இருந்து மேனிஃபோல்டு குறைந்தால் நடுவில் கசிவு. மேனிஃபோல்டு சரியாக இருந்து மாஃப் குறைந்தால் மாஃப் சென்சாரே அழுக்கு, அதற்கான ஸ்ப்ரேயால் கழுவினால் பெரும்பாலும் திரும்பி வரும், உள்ளே இருக்கும் கம்பியைத் தொடாதீர்கள். இரண்டும் குறைந்தால் ஏர் ஃபில்டர், டர்போ வேன், அல்லது வேனை அசைக்கும் வேக்கம் ஹோஸ். எண்ணெய் தடவிய துணி ஏர் ஃபில்டர் போட்டவர்களுக்கு அந்த எண்ணெய் மாஃப் கம்பியில் படிவது உண்டு, முதலில் அதைப் பாருங்கள். ஒன்று மட்டும்: இந்தக் கணக்கை முழு ஆக்ஸிலேட்டரில்தான் போட வேண்டும். பாதி மிதியில் இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) திறந்திருக்கும், அது வழியாக வரும் புகைக்காற்று மாஃப் வழியாக வருவதில்லை, கணக்கு குழம்பிவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வாங்கவில்லை. டர்போ வாய்க்குப் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, காலால் மிதிக்கும் பம்ப்பால் காற்று அடித்தேன். ஒரு பாருக்கு மேல் அடிக்காதீர்கள், மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கிளாம்ப் நழுவினால் அது கல் மாதிரி பறக்கும். சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். மேலே தெரிகிற ஹோஸ் எல்லாம் சுத்தம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குக் கீழே இறங்கும் ஹோஸின் அடிவளைவில், கையை விட்டால்தான் எட்டும் இடத்தில், விரலில் காற்று பட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு விரல்கணு நீளத்துக்கு வெடிப்பு. வெளியே கருப்பான எண்ணெய்ப் பிசுபிசுப்பு, அதன் மேல் ரோட்டுத் தூசி ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. கையில் வைத்திருக்கும்போது வெடிப்பு மூடியே இருக்கிறது, ஹோஸை மடக்கினால்தான் வாய் திறக்கிறது. ஐட்லிங்கில் எவ்வளவு காது வைத்தாலும் சத்தம் வந்திருக்காது.

ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் மாற்றினேன். மறுநாள் அதே ரோடு, அதே கியர்: மேனிஃபோல்டு 212, மாஃப் 126. கணக்கு நேராகிவிட்டது. புகை, கியர் மாற்றும்போது ஒரு சின்ன இழை, அவ்வளவுதான்.

காலத்தையும் அளந்து வைத்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில், மூன்றாவது கியரில் 1500லிருந்து 3500 ஆர்பிஎம் வரை, காற்றின் போக்கு கணக்கைக் கெடுக்காமல் இருக்கப் போகும்போதும் வரும்போதும் ஓட்டி சராசரி எடுத்தது. நோயோடு இருந்தபோது 11.8 விநாடி. அதே நிலையில் பாக்ஸ் மாட்டி 11.1. ஃபில்டரும் ஹோஸும் மாற்றிய பிறகு, பாக்ஸ் இல்லாமல், 8.9. கம்பெனி கொடுத்த பவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு ஃபில்டரும் ஒரு ரப்பர் ஹோஸும். பவர் ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

இனி ரீமேப்பிங். உண்மையில் இரண்டு பேரிடம் போனேன். முதலாமவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "விட்டுட்டுப் போங்க சார், ஒரு மணி நேரத்துல ஃபைல் ஏத்தி வைக்கிறேன்" என்றார். எந்த ஃபைல், என் வண்டியிலிருந்து எடுத்ததா, வேறு வண்டிக்குப் போட்டதா என்று கேட்டேன், பதில் மழுப்பலாக வந்தது, திரும்பி வந்துவிட்டேன். இரண்டாமவர் முதல் கேள்வியே லாக் (ஓட்டத்தின்போது ஸ்கேனர் பதிந்து வைத்த அளவுகள்) இருக்கிறதா என்பது. கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், கேட்ட ரெயில், கிடைத்த ரெயில், மாஃப், கூலண்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, இவ்வளவும் ஒரே ஓட்டத்தில் வேண்டும் என்றார். ஹோஸ் மாற்றுவதற்கு முன் எடுத்த லாக்கையும் காட்டினேன், "இந்த நிலைமையில கொண்டு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவரிடம் வண்டியைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பாக்ஸுக்கும் ரீமேப்பிங்குக்கும் உள்ள வித்தியாசம் அவர் திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. டீசல் ஈசியூவில் ஆக்ஸிலேட்டர் மிதி முதலில் ஒரு டார்க் கோரிக்கையாக மாறுகிறது. அதை டார்க் வரம்பு வெட்டுகிறது, புகை வரம்பு வெட்டுகிறது, அதற்குப் பிறகுதான் எத்தனை மில்லிகிராம் டீசல் என்பது முடிவாகிறது. அதற்கேற்ற ரெயில் பிரஷர், பூஸ்ட், இன்ஜெக்ஷன் நேரம் எல்லாம் தனித்தனி அட்டவணை. நல்ல ட்யூனர் இவை அத்தனையையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி நகர்த்துகிறார். டீசலைக் கூட்டினால் காற்றையும் கூட்டுகிறார், அளவுக்கு மேல் போனால் ஈசியூ தானாக வெட்டும் பாதுகாப்பையும் விட்டுவைக்கிறார். பாக்ஸில் கூடுவது டீசல் மட்டும்தான், அதுவும் ஈசியூவுக்குத் தெரியாமல்.

முதல் ஃபைல் எனக்குத் திருப்தி இல்லை. 1500 ஆர்பிஎம்மில் மிதித்தால் பொதுக்கென்று ஒரு புகை, டர்போ எழுவதற்கு முன்பே டீசல் இறங்குகிறது. லாக் எடுத்து அனுப்பினேன். மறுபடி கூப்பிட்டு, கீழ் ஆர்பிஎம்மில் புகை வரம்பை இறுக்கிக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. இப்போது உச்ச டார்க்கை அவர் சுமார் 380 நியூட்டன் மீட்டருக்கு வைத்திருக்கிறார், கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல். 2000 ஆர்பிஎம்மில் அது 67 கிலோவாட்டிலிருந்து சுமார் 80க்குப் போவது. மேனிஃபோல்டு உச்சம் 230. அதே ரோட்டில் 7.4 விநாடி. "இன்னும் கூட்டலாமா" என்று கேட்டேன், கிளட்ச் தாங்காது என்று மறுத்துவிட்டார். ஒரிஜினல் ஃபைலை ஒரு பென்டிரைவில் கையோடு கொடுத்தார். இதை நீங்களும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும் என்பதையும், வாரண்டி உள்ள வண்டி என்றால் அது போகலாம் என்பதையும் அவரே முதலில் சொன்னார்.

எக்ஸாஸ்ட் சூடு மீட்டர் ரீமேப்போடு சேர்த்துப் போட்டது. சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள், டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். டர்போவுக்குப் பின்னால் போடுவது சுலபம், ஆனால் அங்கே நூறு டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஓட்டினால் பிஸ்டன் உருகும்போது கூட மீட்டர் நிம்மதியாக இருக்கும். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுங்கள், ஒரு இரும்புத் துகள் டர்போ சக்கரத்தில் பட்டால் போதும், கதை முடிந்தது. காலி வண்டியில் 400க்கு மேல் நான் பார்ப்பது அபூர்வம். லோடோடு நீண்ட ஏற்றத்தில் 700 வரை வந்தது, அந்த இடத்தில் கியரைக் குறைத்து, கால் எடுத்து ஓட்டுகிறேன். கியரைக் குறைத்ததும் ஆர்பிஎம் ஏறி, காற்று கூடி, மீட்டர் கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம். மீட்டர் இல்லாமல் ரீமேப் செய்து லோடு இழுக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. டேங்கில் ஊற்றும் பவர் பாட்டில்களில் நேரத்தை அளந்து பார்த்த அளவில் எனக்கு எந்த வித்தியாசமும் வரவில்லை. பெரிய சைலன்ஸர் சத்தம் கொடுத்தது, விநாடி குறையவில்லை. இஜிஆரை அடைத்துவிடச் சொல்பவர்கள் அதிகம், பல நாடுகளில் அது சட்டவிரோதம், அதோடு முழு மிதியில் நல்ல இஜிஆர் தானாகவே மூடித்தான் இருக்கும், ஆகவே உச்ச பவருக்கு அதனால் எதுவும் கூடாது. கரி ஏறி மூடாமல் நின்றால்தான் பிரச்சினை, கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. டிபிஎஃப் உள்ள வண்டிக்காரர்கள் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள், எனக்குக் கண்ணாடியில் தெரிந்த அந்தப் புகை உங்களுக்கு உள்ளேயே தேங்கி அடைக்கும்.

எதை வாங்கலாம் என்று கேட்டால்: நல்ல ஓபிடி அடாப்டர், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், வண்டியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இன்றைய லாக்கை எடுத்து வைத்தால் நாளைக்கு ஒப்பிட உதவும். ரீமேப்பிங், லாக் கேட்கிற ஆள் கிடைத்தால் மட்டும். சூடு மீட்டர், லோடு இழுப்பவர்களுக்கு அவசியம். பவர் பாக்ஸ், வேண்டாம். என்னுடையதைக் கேட்டவர்கள் உண்டு, அவர்கள் வண்டியின் லாக்கைப் பார்த்துவிட்டு ஃபில்டர் மாற்றச் சொல்லி அனுப்பினேன்.

ரீமேப் செய்து எட்டு மாதம், இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. மாதம் ஒரு தடவை அதே ரோட்டில் லாக் எடுக்கிறேன். கடைசியாக எடுத்ததில் மேனிஃபோல்டு 229, ரெயில் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போகின்றன. கிளட்ச்சை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது கியரில் 1800லிருந்து முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்துதான் ஏற வேண்டும், தனியாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். போன வாரம் லோடோடு போகும்போது ஒரே ஒரு தடவை முள் தனியாக ஒரு நூறு ஏறி இறங்கின மாதிரி இருந்தது. மறுபடி மூன்று தடவை செய்து பார்த்தேன், வரவில்லை. அடுத்த லாக்கில் வேகத்தையும் சேர்த்து எடுக்கப் போகிறேன்.